யாரைக் கேட்டு வந்தாய்?

திருப்பூரில் பல்லடம் சாலையோரம் ஒரு டீக்கடை. பனியன் கம்பெனிகள் விட்ட நேரம். பிகார் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் ஒரே ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் வடையைச் சட்னியில் தோய்த்தபடி, அவர்களைப் பார்க்காமலே, பொதுவாகக் கேட்டார்: "இவனுங்கெல்லாம் யாரைக் கேட்டுட்டு இங்க வர்றானுங்க?" கடைக்காரர் வாய் திறக்கவில்லை. உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்தவர் ஒடிசாக்காரர்.

பெரியவரின் கேள்வியைப் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்க முடியாது. படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் இஸ்திரி போட்டு. நாடு ஒரு வீடு. வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. சம்மதிப்பதும் மறுப்பதும் அவர் உரிமை. ஜனநாயகத்தில் மக்கள்தான் வீட்டுக்காரர். ஆகவே யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே அனுப்புவது என்பதில் மக்கள் முடிவே அறம். வாஷிங்டனிலும் லண்டனிலும் தேர்தல் மேடைகளில் ஒலிப்பது இதுதான். குவாஹாட்டியிலும் இதுதான். கேட்பதற்கு அசைக்க முடியாத நியாயம் போலத்தான் இருக்கிறது. சம்மதத்துக்கு எதிராக யார் பேசுவார்கள்?

நான் பேசப் போவதும் சம்மதத்துக்கு எதிராக அல்ல. அதன் பெயரைச் சொல்லி நடக்கும் ஒரு கண்கட்டு வித்தைக்கு எதிராக.

இந்த வாதத்தை நேர்த்தியாக வைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஹீத் வெல்மன். 2008இல் எழுதிய கட்டுரையில் அவர் திருமணத்தை உவமையாக எடுத்துக்கொண்டார். பெண் கேட்டு வருகிறவனை மறுக்க ஒருத்திக்கு உரிமை உண்டு. ஏன் மறுத்தாள் என்று அவள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதுபோலவே ஒரு நாடும் தன்னோடு சேர வருகிறவர்களை மறுக்கலாம், அகதியாக இருந்தாலும்கூட.

வெல்மனுக்கு நம் ஊர்த் திருமணங்கள் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த உவமையைத் தொட்டிருக்க மாட்டார். நம் ஊரில் பெண்ணும் சம்மதிக்கிறாள், பையனும் சம்மதிக்கிறான். குறுக்கே வந்து நின்று "யாரைக் கேட்டுக் கட்டினாய்?" என்று அரிவாளோடு கேட்பது ஊர். எல்லைக் கதையும் இதுதான். திருப்பூர் முதலாளிக்கு ஆள் வேண்டும், பாட்னாக்காரருக்கு வேலை வேண்டும். வீட்டுக்காரர் அறை வாடகைக்கு விடத் தயார், கடைக்காரர் டீ ஆற்றத் தயார். சம்பந்தப்பட்ட இருவரும் சம்மதித்துவிட்ட பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்து, "என் சம்மதம் எங்கே?" என்கிறார். வெல்மனின் உவமையில் அரசு மணப்பெண்ணாக வருகிறது. உண்மையில் அது உட்கார்ந்திருப்பது ஆலமரத்தடி நாட்டாமையின் இடத்தில்.

டீக்கடைப் பெரியவருக்குச் சட்டத்தின் பதில் சுருக்கமானது. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, இந்தியக் குடிமக்கள் நாட்டில் எங்கும் போகலாம், தங்கலாம் என்கிறது. பாட்னாவிலிருந்து திருப்பூர் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். யாரையும் கேட்க வேண்டாம். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்; கேட்காமல் போனால் குற்றம். இரண்டும் சட்டம்தான். ஆனால் ஒன்றில் ஊர்ச் சம்மதம் தேவையே இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம், மற்றதில் அதுவே அறத்தின் ஆணிவேர் என்கிறோம். நடுவில் என்ன மாறியது? ஒரு கோடு. அந்தக் கோட்டை யார் சம்மதத்தோடு போட்டார்கள் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும்.

அந்த 30 கிலோமீட்டர் கடலைப் பற்றித்தான் பேச வேண்டும். மக்கள் சம்மதம் என்ற சொல் என்னவெல்லாம் செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1820களிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்கள் இலங்கை மலைகளுக்குப் போனார்கள். முதலில் காப்பி, 1870களில் அது நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலை. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர்கள் சுமார் 7,80,000 பேர். தீவின் மக்களில் பத்தில் ஒருவருக்கும் மேல். அங்கேயே பிறந்தவர்கள் ஏராளம். 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். அவர்களின் பிரதிநிதிகளாக நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்று நாடாளுமன்றம் போனார்கள். இன்னும் பல தொகுதிகளில் இடதுசாரிகள் ஜெயிக்கத் தோட்டத்து வாக்குகள் கைகொடுத்தன.

அடுத்த வருடமே, சுதந்திரம் கிடைத்த சில மாதங்களில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் போதாது. தகப்பன் அங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு. தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், லயத்துக் காம்பிராவில், பிறந்த தகப்பனுக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? கண்டிப் பக்கம் வயல் உழுத சிங்கள விவசாயியிடமும் பூட்டனின் காகிதம் இருந்திருக்காது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1949இல் இன்னொரு திருத்தம் வந்து வாக்குரிமையையும் எடுத்துக்கொண்டது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இப்போது நம் 'மக்கள் சம்மத'க்காரர்களிடம் கேட்கிறேன்: இந்தச் சட்டங்கள் மக்கள் சம்மதத்தோடு வந்தவையா இல்லையா? வந்தவைதான். முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், முறைப்படி வாக்கெடுப்பு. அதைவிட வேடிக்கை, 1952இல் மறுபடியும் மக்களைக் கேட்டபோது, அந்த 'மக்களில்' இவர்கள் இல்லை. முதலில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். பிறகு பந்தியில் இருந்தவர்களிடம், சோறு எல்லோருக்கும் வந்ததா என்று கேட்டுக்கொண்டார்கள்.

மக்கள் சம்மதம் என்பதன் ஓட்டை இங்கே இருக்கிறது. சம்மதம் கேட்கும் முன் யாரிடம் கேட்பது என்று தீர்மானிக்க வேண்டும். மக்கள் யார் என்பதை மக்களே வாக்களித்து முடிவுசெய்ய முடியாது, ஏனென்றால் அந்த வாக்கெடுப்புக்கு யார் பெயர் பட்டியலில் இருக்கும் என்பதுதானே கேள்வி. வீட்டு உவமை இந்த இடத்தில்தான் வழுக்கிவிடுகிறது. வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, பெயர் எழுதியிருக்கிறது, சம்மதம் பிறகுதான் வருகிறது. நாட்டில் பத்திரத்தில் பெயர் எழுதுவதும் அழிப்பதுமே சண்டை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. "இவர்களை அழைத்து வந்தது வெள்ளைக்காரன். கண்டி மக்களைக் கேட்டா கொண்டுவந்தான்? அவர்கள் காடும் புனமும் பறிபோன இடத்தில்தானே தோட்டம் முளைத்தது?" என்பார்கள். முற்றிலும் சரி. 1840இல் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குச் சொந்தம் என்றார்கள். வழிவழியாகக் காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்த கிராமத்தார் ஒரே நாளில் ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள். யாரையும் கேட்கவில்லை.

அந்த அநியாயத்துக்கான பில்லை யார் தலையில் கட்டினார்கள் என்று பாருங்கள். நிலத்தை எடுத்தது முடியும் கம்பெனிகளும். ஆங்கிலேயக் கம்பெனிகளின் தோட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தன. அவை நாட்டுடைமை ஆனது 1975இல். கண்டி மக்களின் சம்மதம் இல்லாமல் வந்த முதலுக்கு 27 வருடம் அவகாசம். அதே சம்மதம் இல்லாமல் வந்த கூலிக்கு ஒரு வருடம்கூட இல்லை. சம்மதம் என்பது உண்மையிலேயே கொள்கையாக இருந்திருந்தால் முதலில் வெளியேற வேண்டியது லண்டனில் ஈவுத்தொகை வாங்கியவன், கொழுந்து கிள்ளியவள் அல்ல. 'நம்மைக் கேட்காமல் வந்தவர்கள்' என்ற கோபம் எப்போதும் கூடை சுமப்பவளைப் பார்த்தே வருகிறது. பங்குச் சந்தை வழியாக வருகிறவர்களை இன்றைக்கும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கம்பளம் விரித்து மாநாடு நடத்துகிறோம்.

சம்மதத்தில் இன்னொரு வகை உண்டு, வாயால் சொல்லாத சம்மதம். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் இதை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். ஒரு நாட்டின் சாலையில் நடந்தாலே அதன் சட்டங்களுக்குச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்றார். அவருக்கு இரண்டாயிரம் வருடம் முன்பே ஏதென்ஸ் சிறையில் இருந்த சாக்ரடீஸிடம் சட்டங்களே பேசுவதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார்: எழுபது வருடம் இங்கேயே இருந்தாய், போகவில்லை, ஆகவே ஒப்புக்கொண்டாய். டேவிட் ஹ்யூம் 1748இல் இதைக் கிண்டல் செய்தார். வேற்று மொழி தெரியாத, அன்றாடங்காய்ச்சியான ஓர் ஏழை ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதைச் சம்மதம் என்பது, தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன் கடலில் குதிக்காமல் இருப்பதைக் கப்பல் தலைவனுக்குத் தந்த சம்மதம் என்பது போல என்றார்.

எனக்கு ஹ்யூம் சொன்னது பிடிக்கும். ஆனால் விவாதத்துக்காக லாக் பக்கமே நிற்கிறேன். இருந்தாலே சம்மதம் என்றால், மூன்று தலைமுறை மலையில் இருந்து, வரி கட்டி, சட்டத்துக்கு அடங்கி, தோட்டத்திலேயே புதைக்கப்பட்ட மனிதர்கள் இலங்கைக்குச் சம்மதம் தந்துவிட்டார்கள். ஒப்பந்தத்துக்கு மறுபக்கமும் உண்டல்லவா? அடங்க வேண்டிய நேரத்தில் 'நீ சம்மதித்துவிட்டாய்', உரிமை கேட்கும் நேரத்தில் 'நாங்கள் சம்மதிக்கவில்லை'. எந்த ஊர் வட்டிக்கடையிலும் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

வட்டிக்கடை என்றதும் தோட்டங்களில் இருந்த துண்டு முறை நினைவுக்கு வருகிறது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். கொடுக்கும்போது பஞ்சமாக இருக்கும். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் போல. வாங்கியவர் மண்டபம் வழியாகக் கப்பலேறும்போது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, கழுத்தில் ஒரு தகரவில்லை தொங்கும். அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் வெட்டப்பட்டிருக்கும். போக்குவரத்துச் செலவு எல்லாம் கடனில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடம் துண்டு வாங்க வேண்டும்: இவர் கடன் இவ்வளவு, அடைத்தால் விடுகிறேன் என்று எழுதிய சீட்டு. மனிதர்கள் அந்தச் சீட்டோடு கைமாறினார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. "தானே இஷ்டப்பட்டுத்தானே வந்தான்?" என்று சொல்கிறவர்கள் அந்தத் தகரவில்லையை ஒரு நாள் கழுத்தில் போட்டுப் பார்க்கலாம்.

இது பழங்கதை இல்லை. வளைகுடா போய் வந்தவர்களைக் கேளுங்கள். இங்கே ஏஜென்ட் காட்டிய ஒப்பந்தத்தில் டிரைவர், அங்கே இறங்கியதும் நீட்டிய அரபிக் காகிதத்தில் ஆடு மேய்ப்பவர். கடன் வாங்கி விசா எடுத்தவர் அந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? பாஸ்போர்ட் கஃபீலின், அதாவது விசா தந்த முதலாளியின், அலமாரியில். வேலை மாற முதலாளியின் அனுமதிச் சீட்டு. கத்தாரில் அந்த விதி நீங்கியதே 2020இல்தான். துண்டு அரபியில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

ஆக, வலியவன் பக்கம் சம்மதம் என்றால் மறுக்கும் அதிகாரம். எளியவன் பக்கம் சம்மதம் என்றால் போட்ட கையெழுத்து. ஒரே சொல், இரண்டு அளவுகோல். 1964 அக்டோபர் 30ஆம் தேதி நடந்தது இதன் உச்சம். அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாடு செய்தார்கள். இலங்கையில் இப்படி நாடற்றுப் போன இந்தியத் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்தார்கள். இரண்டு இறையாண்மை அரசுகள் மனமொத்துச் சம்மதித்த உடன்பாடு. சட்ட மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை என்பது மட்டும்தான் குறை. நேரு உயிரோடு இருந்தவரை அவர்கள் இலங்கையின் மக்களே என்று சொல்லிவந்தார். அவர் இறந்து ஐந்தே மாதத்தில் தலை எண்ணிப் பிரித்தாயிற்று.

கேட்கவில்லை என்று சொல்வதைச் சிலர் மறுப்பார்கள். விண்ணப்பம் வாங்கித்தானே அனுப்பினார்கள்? கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், சில வருடங்களுக்கு முன், ஒரு பாட்டி எனக்குத் தன் பாஸ்போர்ட்டைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள், அதற்கும் மேல் ஒரு மஞ்சள் பை. குடும்பம் மொத்தமும் ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தில். அப்பாவின் சட்டைக் காலர் பொத்தான் வரை போட்டிருந்தது. நான் மேலே சொன்ன அதே கேள்வியைக் கேட்டேன், விரும்பித்தானே எழுதிக் கொடுத்தீர்கள் என்று. "எங்கப்பா மொதல்ல சிலோன் பிரஜாவுரிமைக்குத்தான் எழுதிப் போட்டாரு தம்பி. தள்ளிட்டாங்க. அப்புறம் சோத்துக்கில்லாத வருசம் வந்துச்சு. சின்னதுக ரெண்டு போயிருச்சு. அதுக்குப் பொறகுதான் இந்தியாவுக்கு எழுதினாரு. கோச்சியில (ரயிலில்) ஏத்திவிடும்போது எங்க அத்தை அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம்." கொஞ்ச நேரம் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இங்க வந்தா நாங்க சிலோன்காரங்களாம்."

அவர் சொன்ன சோத்துக்கில்லாத வருடம் 1973-74ஆக இருக்க வேண்டும். தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம். அதற்கு முன், குடியுரிமை கோர வழிசெய்த வேறொரு 1949 சட்டத்தின் கீழ், சுமார் எட்டு லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்தது 1,34,000 பேர் அளவுக்கு. எட்டு லட்சம் பேர் எழுத்தில் கொடுத்த சம்மதம் அது. எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய, இவ்வளவு தெளிவான சம்மதத்தை வேறெந்தக் குடியேற்றக் கதையிலும் நான் பார்த்ததில்லை. அதைக் குப்பையில் போட்டார்கள். பசி எழுதவைத்த இரண்டாவது விண்ணப்பத்தை மட்டும் பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் எல்லையே வேண்டாமா, கதவே கூடாதா என்பார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. வருகிறவர் எண்ணிக்கையை ஒரு நாடு ஒழுங்குபடுத்தலாம். தண்ணீர், வீடு, கூலி என்று நியாயமான கவலைகள் உண்டு. கூலி குறைகிறது என்ற கவலைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துவதே மருந்து. ஆளை விரட்டுவது முதலாளிக்கு வசதி, பயந்தவன் சங்கம் சேர மாட்டான். நான் சொல்வது ஒன்றுதான்: தடுக்கிறவர் காரணம் சொல்ல வேண்டும். 'என் சம்மதம் இல்லை' என்பது காரணம் ஆகாது. தடுக்கப்படுகிறவர் மேல் பாய்வது துப்பாக்கியும் கம்பிவேலியும். அவை பாயும் இடத்தில் நியாயத்தை அவருக்கும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் நாடுகளுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று வாதாடியவர். நம் எதிர்த்தரப்பு அடிக்கடி அவரைத்தான் துணைக்கு அழைக்கும். 1983இல் வந்த அதே புத்தகத்தில், உள்ளே வந்து வாழ்ந்து உழைக்கிறவர்களுக்குக் குடியுரிமை மறுப்பது கொடுங்கோன்மை என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

சொற்களும் ஊர் மாறுகின்றன. தோட்டத்து மலையகத் தமிழர்களைச் சிங்களவர் 'கள்ளத்தோணி' என்றார்கள். யாழ்ப்பாணத் தமிழர்களில் பலர் 'வடக்கத்தியான்' என்றார்கள், கடலுக்கு வடக்கே இருந்து வந்தவன் என்று. இன்று திருப்பூர் டீக்கடையில் கேட்பது 'வடக்கன்'. மூன்று எழுத்துதான் வித்தியாசம். நம்மைச் சுட்ட சொல்லையே நாம் எடுத்து ஊதிக்கொண்டிருக்கிறோம்.

மண்டபத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு முகாம் இருக்கிறது. இலங்கைக்குப் போன கூலிகளை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. 1964 உடன்பாட்டுக்குப் பிறகு, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதே முகாமில் இறங்கினார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகள் அங்கே வந்தார்கள். அவர்களில் மலையகத்துக்காரர்களும் இருந்தார்கள், பாட்டன் கப்பலேறிய அதே இடத்தில் பேரன். முகாமில் குழந்தைகள் பிறந்தன. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ இந்தியராக இருந்தாக வேண்டும். ஜூன் 30 இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரு தாய்க்கு வலி நின்றிருந்தால் பிள்ளை இந்தியன். பக்கத்துப் பாயில் இருந்தவளுக்கு இன்னும் அரை மணி நேரம் வலித்திருந்தால் அவள் பிள்ளை அகதி. இரண்டும் ஒரே பள்ளிக்கூடம் போயிருக்கும். இப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும். ஒருவருக்கு வாக்காளர் அட்டை. மற்றவர் பக்கத்து மாவட்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் முகாம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.